நிறைகோலும் மீனும்

கரிசல் மண் பரந்த எங்கள் திருவேங்கடம் வட்டாரத்தில் முன்னாளில் பருத்தியை நிறுத்தார்கள். கம்பையும் சோளத்தையும் அளந்தார்கள். குளத்து மீனையோ கூறு வைத்து விற்றார்கள். கோடையில் குளம் வற்றும்போது, மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் வலை வீசிக் கரையேற்றிய கெண்டையையும் விராலையும் கெளுத்தியையும் சாக்கின்மேல் சிறு சிறு குவியலாகப் பரப்பி வைப்பார். ஒரு கூறு இன்ன விலை என்பதே பேச்சு. வாங்குபவர் கண்ணால் எடை போட்டார். விற்பவர் கையால் எடை போட்டார். இருவர் மனமும் ஒத்துப்போனால் வாணிகம் முடிந்தது. தராசு அங்கே இல்லை. ஆதலின் தராசைப் பற்றிய வழக்கும் இல்லை.

மீனை நிறுத்தே தீரவேண்டும் என்ற நிலை இரண்டு இடங்களில் வருகிறது. மீன் தொலைவூர்ச் சந்தைக்குப் போகும்போது ஒன்று. யார் பிடித்த மீன் பெரியது என்று போட்டி எழும்போது மற்றொன்று. மாணவச் செல்வங்களே, இன்று நான் எடுத்துக்கொண்டது இரண்டாவது. தூண்டிற் போட்டியில் மீனை நிறுக்கும் மின்னணுத் தராசை எதைப் பார்த்து நம்புவது என்ற கேள்வி நேற்றுப் பிறந்தது போலத் தோன்றும். அதன் வேரைத் தேடினால் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர் வரைக்கும் போகவேண்டியிருக்கிறது.

முதல் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆண்டவன். அவனும் அவன் குடும்பத்தாரும் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னும் மணியும் கல்வெட்டுகளில் எடையோடு பொறிக்கப்பட்டுள்ளன. எந்தக் கல்லால் நிறுத்தார்கள் என்பதையும் அக்கல்வெட்டுகள் சொல்லத் தவறவில்லை. பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகள் பதித்த அணிகலன்களை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேரு விடங்கன் என்று பெயர். இரண்டும் இறைவன் திருப்பெயர்கள். ஊருக்கு ஊர் கல் வேறுபட்ட காலத்தில், பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஒரே கல்லைக் கோயிலில் வைத்திருந்தார்கள் என்பது எவ்வளவு பெரிய ஏற்பாடு! பின்னாளில் எவரேனும் ஐயுற்றால் அதே கல்லைக் கொண்டு மறுபடியும் நிறுத்துப் பார்க்கலாம் அல்லவா? அணிகலன்களை நிறுக்கும்போது சரடு, சட்டம், செப்பாணி ஆகியவற்றை நீக்கிய எடை இவ்வளவு என்று கணக்கு எழுதியிருப்பதையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பொருளின் எடை வேறு, அதனைத் தாங்கியிருக்கும் பொருளின் எடை வேறு என்பதைச் சோழர் காலத்துக் கணக்கர் நன்கு அறிந்திருந்தார்.

வடமொழி அருத்தசாத்திரம் எடைகளுக்கென்றே ஓர் அதிகாரியை வைக்கச் சொல்கிறது. எடைக்கற்களை இரும்பால் செய்க, அல்லது மகதத்திலும் மேகலத்திலும் கிடைக்கும் கல்லால் செய்க என்கிறது. காரணம் எளிது: அவை நீரில் நனைந்தாலும் கனம் ஏறா. நான்கு திங்களுக்கு ஒருமுறை அவற்றுக்கு முத்திரை இடவேண்டும் என்றும் அது விதிக்கிறது. இன்றைய இந்தியச் சட்டத்தைவிட அது கண்டிப்பானது.

நம் நாட்டு எடை வாய்பாடு நுட்பமானது. இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இது பொன்னுக்கு. கடைச்சரக்குக்குப் பலம், சேர், வீசை, மணங்கு என்று வரிசை ஏறும். ஆங்கிலேயர் காலத்துச் சென்னை வழக்கில் நாற்பது பலம் ஒரு வீசை. இன்றைய கணக்கில் ஒரு வீசை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். ஆயினும் ஓர் ஊரின் மணங்கு மற்றோர் ஊரின் மணங்கு அன்று. இதுதான் பெரிய குறை. வாங்கும்போது ஒரு கல், விற்கும்போது ஒரு கல் வைத்துக்கொண்ட வணிகரும் உண்டு; தட்டின் அடியில் புளியை ஒட்டி நிறுத்தவரும் உண்டு. தராசு பொய் சொல்லாது, அதனைப் பிடித்த கைதான் சொல்லும் என்று எங்கள் பாட்டிமார் கூறுவர். அவர்கள் கடைசிவரை வீசைக் கணக்கை விடவில்லை என்பது வேறு செய்தி.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1956-இல் எடை அளவைத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் நாளிலிருந்து படிப்படியாகப் பழைய எடைகள் விலகி, 1962 ஏப்ரலுக்குள் நாடெங்கும் கிலோகிராம் நிலைபெற்றது. அந்தக் கிலோகிராமுக்கு மூலம் பாரிசுக்கு அருகே காக்கப்படும் ஓர் உலோக உருளை. அதன் படிகளுள் 57-ஆம் எண்ணுடையது இந்தியாவுக்கு உரியதாகிப் புதுதில்லித் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆடவல்லான் என்னும் கல்லுக்கும் இந்த 57-ஆம் எண்ணுக்கும் நோக்கம் ஒன்றே. 2019 மே 20-ஆம் நாள் முதல் கிலோகிராம் எந்த உருளையையும் சார்ந்ததன்று. பிளாங்கு மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டு அதனை வரையறுத்துவிட்டார்கள்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். இரு தட்டுத் தராசை ஆற்றங்கரைக்குச் சுமந்து போவது எளிதன்று. வில்தராசு வந்ததும் அத்தொல்லை நீங்கியது. கம்பிச்சுருள் நீளும் அளவு அதனை இழுக்கும் விசைக்கு ஏற்ப அமையும் என்ற விதியை இராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். கொக்கியில் மீனை மாட்டினால் முள் இறங்கும், எண்ணைப் படித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. இயற்பியல் வகுப்பில் நிறை வேறு, எடை வேறு என்று படித்தீர்களே, அது இங்கே பயன்படுகிறது. இரு தட்டுத் தராசு மீனைக் கல்லோடு ஒப்பிடுகிறது. புவியீர்ப்பு மாறினாலும் இரண்டுக்கும் ஒருசேர மாறுவதால் முடிவு மாறாது. வில்தராசோ புவி மீனை இழுக்கும் விசையையே அளக்கிறது. அவ்விசை துருவத்தை நோக்கிப் போகப் போக மிகும். இலண்டனில் சரிபார்த்த வில்தராசு சென்னையில் ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று பங்கு குறைத்துக் காட்டும். பத்துக் கிலோ மீனுக்கு முப்பது கிராம் பிழை! கறிக்கடையில் இது பெரிதன்று. பரிசுக் கோப்பைக்கு இது போதும்.

தென்னிந்தியாவில் தூண்டில் விளையாட்டை ஒரு கலையாகப் பரப்பியவர்களுள் சென்னை மாநில ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் குறிப்பிடத்தக்கவர். இந்தியாவில் தூண்டில் பிடிப்பது பற்றிய அவருடைய நூல் 1873-இல் வெளிவந்தது. நீலகிரி ஓடைகளில் வெளிநாட்டு டிரௌட் மீனைக் குடியேற்றி, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் அமைத்தார்கள். ஆனால் தூண்டிற்காரர் கனவெல்லாம் காவிரியின் மாசீர் மீன்மேல்தான். 1946-இல் மைசூர்ப் பகுதியில், விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலுக்குப் பேர்போன வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் பிடித்த மாசீர் 120 பவுண்டு. அதாவது 54 கிலோவுக்கு மேல். இவ்வகைச் செய்திகளைக் கேட்டவுடன் யாருக்கும் தோன்றுவது, நிறுத்தது எதனால் என்பதே. தூண்டிற்காரர் கை விரித்துக் காட்டும் மீன் ஆண்டுதோறும் வளர்வது உலக வழக்கம். அதனால்தான் 1939-இல் அமெரிக்காவில் தோன்றிய பன்னாட்டு வேட்டைமீன் கழகம் உலகச் சாதனைகளைப் பதிவு செய்ய விதிகளை வகுத்தது. கண் மதிப்பு எடை செல்லாது. படகில் மட்டும் நிறுத்தது செல்லாது, நிலத்தில் நிறுக்க வேண்டும். தராசு பன்னிரண்டு திங்களுக்குள் சரிபார்க்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மீனைத் தாங்கிய கயிறும் தொட்டிலும் கழிக்கப்படவேண்டும். சரடும் செப்பாணியும் நீக்கி நிறுத்த தஞ்சைக் கணக்கரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

மின்னணுத் தராசின் உள்ளே இருப்பது மாயம் ஒன்றுமன்று. ஓர் அலுமினியக் கட்டை. சுமை ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பிப் பின்னல் நீள்கிறது; நீண்டால் அதன் மின்தடை கூடுகிறது. அந்த மாற்றத்தை எண்ணாக்கிக் காட்டுகிறார்கள். இந்தத் திரிபுமானியை 1938-இல் சிம்மன்சும் ரூஜும் அமெரிக்காவில் தனித்தனியே கண்டார்கள். ஆகவே இதுவும் உறவு முறையில் வில்தராசின் பேரப்பிள்ளைதான். ஈர்ப்பு மாற்றத்தால் வரும் பிழை இதற்கும் உண்டு. எங்கே பயன்படுத்துகிறோமோ அங்கேயே தரமான படிக்கல்லை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்பது இதனால்தான்.

கடைக்குப் போகும் இளைஞர் பெரும்பாலும் ஏமாறுவது எண்ணிக்கையின் பளபளப்பில். முகப்பில் ஒரு கிராம் வரை எண் ஓடுவதால் தராசு ஒரு கிராம் வரை உண்மை சொல்கிறது என்று பொருளில்லை. பெயர்த்தகட்டில் பேரெல்லை, சிற்றெல்லை, சரிபார்ப்புப் பிரிவு, துல்லிய வகுப்பு ஆகியவை பொறித்திருக்க வேண்டும். வாணிகத் தராசு பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு. பதினைந்து கிலோ எல்லையும் ஐந்து கிராம் பிரிவும் உடைய மூன்றாம் வகுப்புத் தராசுக்குப் பத்துக் கிலோவில் முதற் சரிபார்ப்பின்போது ஐந்து கிராம் வரை கூடுதல் குறைவு சட்டப்படி மன்னிக்கப்படுகிறது. பயன்பாட்டில் அதன் இருமடங்கு. எனவே இரு மீன்களுக்கிடையே மூன்று கிராம் வேறுபாட்டைக் காட்டி ஒருவனை வென்றவன் என்பது தராசு சொல்லாததைத் தராசின் பெயரால் நாம் சொல்வதாகும். போட்டி தொடங்குமுன்னரே, இத்தனை கிராமுக்குள் இருந்தால் சமம் என்று எழுதி வைத்துவிடுவதே முறை.

சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வாணிகத்தில் பயன்படும் மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும் என்பது அதன்கீழ் வந்த விதி. தமிழகத்தில் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் இதனைச் செய்கிறார். முத்திரையிட்ட தராசு கிடைக்கும்போது, பயணப் பெட்டி நிறுக்கும் கைக்கொக்கித் தராசை நம்பிப் போட்டி நடத்துவது பேதைமை. அந்தத் தராசையும் ஆற்றங்கரையில் மட்டம் பார்த்து வைத்தல் வேண்டும். காற்று மறைப்பு வேண்டும். நீர் புகாத உறை வேண்டும். தட்டின் நான்கு மூலையிலும் ஒரே கல்லை வைத்தால் ஒரே எண் வரவேண்டும். மூலைக்கு மூலை எண் மாறினால் விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் தராசு ஒன்றைக் காணாது. 2022 செப்டம்பர் 30-ஆம் நாள், அமெரிக்காவில் ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரில் ஒரு பெரும் போட்டியின் முடிவில் ஐந்து மீன்கள் நிறுக்கப்பட்டன. தராசில் பழுதில்லை. ஆனால் மீனின் நீளத்துக்கும் காட்டிய எடைக்கும் பொருத்தமில்லை என்று நடத்துநர் ஐயுற்றுக் கத்தியால் கீறினார். வயிற்றுக்குள் ஈயக்குண்டுகளும் வேறு மீனின் சதைத் துண்டுகளும் இருந்தன. பிடித்த இருவரும் அடுத்த ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து நாள் சிறை சென்றார்கள்; படகும் பறிபோயிற்று. எண்ணைக் கண்டவர் பலர். மீனைக் கண்டவர் ஒருவர்.

நம் காவிரியின் திமில் மாசீரை இன்று கொன்று நிறுக்க வழியில்லை. 2018-இல் அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டு அளவில் அறிவிக்கப்பட்டது. மாசீர் எங்கே பிடிபட்டாலும் உயிரோடு ஆற்றில் விடுவதே நல்ல தூண்டிற்காரர் வழக்கம். வயிற்றைக் கீறிப் பார்க்க இயலாத மீனுக்கு நீளமும் சுற்றளவும் எடுத்து எடையோடு ஒத்துப்பார்ப்பதே காவல். கொக்கியை வாயில் மாட்டித் தொங்கவிடாமல், நனைந்த துணித்தொட்டிலில் கிடத்தி நொடியில் நிறுத்து இறக்கிவிட வேண்டும். துள்ளும் மீனின் எடையைச் சராசரி பார்த்து நிறுத்திவைக்கும் வசதி தராசில் இருந்தால் இதற்கு உதவும். வெற்றுத் தொட்டிலின் எடையைக் கழிக்கும்போது அதனை ஆற்றுநீரில் தோய்த்த பிறகே நிறுக்க வேண்டும். உலர்ந்த தொட்டிலை நிறுத்துக் கழித்தால் அது குடித்த நீரெல்லாம் மீனின் கணக்கில் ஏறிவிடும்.