பிள்ளையோடு குடும்பமும்

இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்த காலத்தில், அங்கிருந்த சுமார் 400 மாணவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர்கள். பழகினால் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடும் என்றஞ்சி, மணியடிக்கும்வரை அவர் பள்ளிக்கு வெளியே படித்துக்கொண்டிருப்பார். பள்ளி விட்டதும் மற்றவர் நெருங்காதபடி விரைந்து வீடு சேர்வார். 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே இதனை எழுதியுள்ளார்.

அவ்வச்சம் அவரோடு முடிந்துவிடவில்லை. இன்றும் நம் பிள்ளைகளுள் சிலர் பதினான்கு, பதினைந்து வயதில் திடீரென வாயடைத்துப் போகின்றனர், எரிந்து விழுகின்றனர், பள்ளி செல்ல மறுக்கின்றனர். தந்தை அதனைத் திமிர் என்கிறார். ஆயா காற்றுக் கருப்பு என்று வேப்பிலை தேடுகிறார். ஆசிரியர் படிப்பு ஏறாது என்று கைவிடுகிறார். சில மாதங்களில் அப்பிள்ளை பீங்கான் சூளைக்கு வேலைக்குப் போய்விடுகிறான். என்ன நேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை.

மன மருத்துவமும் நெடுங்காலம் நோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்தே வைத்திருந்தது. அதை நம் நாட்டில் மாற்றியவர்களுள் முன்னவர் டாக்டர் வித்யாசாகர். அவர் 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளிகளுடன் உறவினரையும் தங்கவைத்தார். நோயின் தன்மையைக் கண்ணாரக் கண்ட உறவினர், குணமடைந்தோரை அஞ்சாமல் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும், நோயாளியுடன் குடும்பத்தார் ஒருவர் தங்குவதையே முறையாகக் கொண்டது.

இளைஞர் பொருட்டு இவ்வழியில் மேலும் சென்றவர் சால்வடோர் மினுச்சின். நியூயார்க்கை அடுத்த வில்ட்விக் பள்ளியில், சட்டத்தின் பிடியில் சிக்கிய கறுப்பின, போர்ட்டோ ரிக்கோச் சிறுவர்களைத் தனியே திருத்துவதால் பயனில்லை என்று கண்டு, அவர்தம் குடும்பங்களையும் ஒருங்கே அமரவைத்துப் பேசினார். அவ்வனுபவம் 1967இல் நூலாயிற்று. பின்னர் ஃபிலடெல்ஃபியாவில், பட்டம் பெறாத ஏழை மக்களையே குடும்ப ஆலோசகர்களாகப் பயிற்றுவித்தார். நம்மைப் பெரிதும் ஈர்ப்பது இச்செயலே.

ஒன்றை மட்டும் நாம் ஒப்புவதற்கில்லை. பிள்ளையின் துன்பமனைத்தும் வீட்டில் விளைந்தது என்று எவரேனும் கூறினால், வகுப்பில் சாதி சொல்லி ஏசியவனை என்ன செய்வது? அவனையும் கணக்கில் கொள்ளாத ஆலோசனை, அடிபட்டவன் வீட்டாரையே குற்றவாளியாக்கும்.

ஆதலின், அமர்த்திப் பேசுபவர் நம் தெருவை அறிந்தவராயிருத்தல் வேண்டும். பெற்றோரை மட்டும் அழைத்து, தாய்மாமனை விடுத்தால் பாதிப் பேச்சு வெளியே நின்றுவிடும். கூலி இழந்து பகலில் வர இயலாத தாய்க்கு மாலை நேரம் ஒதுக்குதல் வேண்டும். "காலனி" என்ற சொல்லுக்கு அவள் பொருள் சொல்ல நேரலாகாது. படித்து ஊர் திரும்பிய நம் இளைஞருள் இருவரேனும் இப்பயிற்சி பெற முன்வந்தால், சங்கத்தின் மாலை வகுப்பு நடக்கும் அறையே இதற்குப் போதும்.