மலைமேல் ஓய்வும் சமவெளி ஊழியமும்

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7000 அடி உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல், இன்று உல்லாசப் பயணிகளின் ஊராக அறியப்படுகிறது. எனினும் அவ்வூர் தோன்றக் காரணமாயிருந்தது மரண பயமே. அதன் வரலாறு, ஊழியரின் ஓய்வு பற்றிய ஒரு வினாவை நம் திருச்சபையின்முன் இன்றும் வைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனெரிமாரின் முயற்சியால் 1834-ஆம் ஆண்டில் மதுரை மிஷன் தொடங்கப்பெற்றது. முதல் பத்தாண்டுகளுக்குள்ளாகவே மிஷனெரிமார் சிலரும், அவர்தம் மனைவியரும், சிறு குழந்தைகளும் நோய்க்கு இரையாயினர். வாந்திபேதியும் காய்ச்சலும் அக்காலத்தில் எவரையும் விட்டுவைக்கவில்லை. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897-இல்தான். அதுவரை வெப்பமும் கெட்ட காற்றுமே காய்ச்சலுக்குக் காரணம் எனப் பலரும் நம்பினர். ஆகவே மிஷனெரிமார் குளிர்ந்த இடத்தைத் தேடினர். முதலில் சிறுமலையை நாடினர். அங்கும் காய்ச்சல் அவர்களைத் தொடர்ந்தது. பின்னர், லெப்டினன்ட் வார்டு 1821-இல் அளந்து சென்றதும், பளியர் முதலிய மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வந்ததுமான பழனி மலையை நோக்கினர். 1845-இல் அங்கு இரண்டு வீடுகள் எழுந்தன. ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ எனப் பெயர்பெற்ற அவ்விரு வீடுகளே கொடைக்கானல் நகரின் தொடக்கமாகும்.

அதன்பின் கோடைதோறும் மலையேறுதல் மிஷன் வாழ்வின் ஒழுங்காயிற்று. பிற மிஷன்களைச் சார்ந்தோரும் வந்து சேர்ந்தனர். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஏரியை அமைத்தார். 1901-இல் மிஷனெரிமாரின் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி தோன்றியது. அங்கே இளைப்பாறுதல் மட்டுமன்றி ஜெபமும், வேத ஆராய்ச்சியும், பல்வேறு மிஷன்களிடையே நட்பும் வளர்ந்தன. இவ்வோய்வைச் சுகபோகம் என்று இகழ்வது நேர்மையாகாது. அது பலருடைய உயிரைக் காத்தது. பல ஆண்டு ஊழியத்திற்கும் வழிசெய்தது.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கம் உண்டு. மலைமேல் அவ்வீடுகள் எழுந்த அதே 1845-ஆம் ஆண்டில், உபதேசிமாரைப் பயிற்றுவித்த மிஷன் செமினரி திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாற்றப்பட்டது. அங்குக் கற்று வெளியேறிய உபதேசிமாரும் ஆசிரியரும் சித்திரை வெயிலிலும் தத்தம் கிராமங்களிலேயே தங்கினர். மிஷனெரி மலையில் இருந்த வாரங்களில் நோயுற்றோரைச் சந்தித்தவர்களும், மரித்தோரை அடக்கம் செய்தவர்களும், ஓய்வுநாள் ஆராதனையை நடத்தியவர்களும் அவர்களே. மோட்டார்ச் சாலை அமையும்முன், ஓய்வுக்குச் சென்றோரை டோலியில் வைத்து மலைமேல் சுமந்தவர்களோ கூலியாட்கள். ஒருவருடைய ஓய்வு மற்றவருடைய தோளின்மேல் ஏறிச் சென்றது என்பது இங்கே உவமையன்று, நடந்த செய்தி.

வேதம் ஓய்வை எவ்வாறு காண்கிறது? யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் ஓய்வுநாளைப் படைப்போடு இணைக்கிறது. உபாகமம் 5-ஆம் அதிகாரமோ அதனை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து பெற்ற விடுதலையோடு இணைத்து, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போலவே இளைப்பாற வேண்டும் என விதிக்கிறது. அவ்வாகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில், வாரங்களின் பண்டிகையிலும் கூடாரப் பண்டிகையிலும் மகிழ வேண்டியோரின் வரிசையில் வேலைக்காரரும், லேவியரும், அந்நியரும், திக்கற்றோரும், விதவைகளும் இடம்பெறுகின்றனர். இவ்வாறு வாரந்தோறும், பருவந்தோறும், ஏழாம் ஆண்டுதோறும் வரும் ஓய்வு இஸ்ரவேலில் எவருடைய தனிச்சலுகையும் அன்று. மாற்கு 6-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சற்றே இளைப்பாறும்படி அழைத்ததும், ஊழியம் முடித்துத் திரும்பிய அப்போஸ்தலர் அனைவரையுமே.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று; மிஷன் காலமும் மறைந்தது. ஆயின் மிஷனெரியின் பொறுப்பை ஏற்ற நாம், அவர் ஓய்வில் கண்ட ஒழுங்கை ஏற்றோமா? லெந்து நாட்கள், அறுப்பின் பண்டிகை, கன்வென்ஷன் கூட்டங்கள், கிறிஸ்துமஸ் என ஆண்டு முழுவதும் ஓடி, ஓய்வெடுப்பதையே குற்றமாக எண்ணும் ஆயர் பலர் நம்மிடையே உளர். ஆயருக்கு விடுப்புக் கிடைத்தாலும், ஆலயப் பணியாளருக்கும் வேதாகம ஸ்திரீக்கும் ஆயரின் மனைவிக்கும் அது கிடைக்கிறதா என்று நாம் கேட்பது அரிது.

வாரத்தில் ஒரு நாள், பருவத்திற்குச் சில நாட்கள், ஆண்டில் ஒருமுறை ஜெபத்திற்கும் வாசிப்பிற்குமான தனித்த காலம் என ஒவ்வொரு சேகரமும் வகுத்துக்கொள்வது இயலாத காரியமன்று. அதற்குக் குளிர்ந்த மலை தேவையில்லை. ஒருவர் இளைப்பாறும்போது அவருடைய சுமையைத் தாங்க மற்றவர் முன்வர வேண்டும். அவருடைய முறை வரும்போது அவரும் இளைப்பாற வேண்டும். 1845-இல் மலைமேல் கட்டப்பெற்ற வீடுகளில் இடம்பெறாதோரையும் உள்ளடக்கும் ஓய்வே விடுதலையின் தேவனுக்கு ஏற்ற ஓய்வாகும்.