தமிழ்நாட்டில் வனவிலங்கு, மீன்வளப் பரிபாலனம்

வனத்தில் திரியும் பிராணிகளையும் நீரில் வாழும் மீன்களையும் ஒரே ஸ்தாபனத்தின் ஆளுகைக்குள் வைத்து, எந்தப் பருவத்தில் எதை எவ்வளவு பிடிக்கலாம், எதைத் தொடலாகாது என்று விதி வகுக்கும் பொறுப்பை ஒரு குழுவினிடம் ஒப்படைக்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் நிலைபெற்றிருக்கிறது. கலிபோர்னியா 1870-இலேயே மீன் ஆணையர் குழு ஒன்றை நியமித்து, நாளடைவில் வேட்டை விஷயங்களையும் அக்குழுவின் அதிகாரத்தில் சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் அத்தகைய ஒற்றை ஆணையம் கிடையாது. இங்கே வனவிலங்கைப் பற்றி ஆலோசனை கூறுவது முதலமைச்சரைத் தலைவராகக் கொண்ட மாநில வனவிலங்கு வாரியம். அதை நிர்வகிப்பது வனத்துறை. மீனைக் கவனிப்பது மீன்வளத் துறை. அந்த மீன் நீந்துகின்ற ஏரியோ நீர்வளத் துறையையாவது ஊராட்சியையாவது சேர்ந்தது. இவ்வாறு ஒரு பொருளைப் பலர் பங்கிட்டுக்கொண்டது திட்டமிட்டு நடந்த காரியமன்று. ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுச் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவு.

அந்தப் படிவுகளைக் கண்ணால் காண விரும்புகிறவருக்கு ஒடுகத்தூரைவிடத் தகுந்த இடம் அதிகம் இராது. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த இந்தப் பேரூரின் பெயரால் ஒரு வனச்சரகம் இருக்கிறது. மேலே பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை முதலிய மலையூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்கின்றனர். மலையில் பிறக்கும் உத்திரகாவேரி ஆறு ஊரை ஒட்டி இறங்கி, வழியிலுள்ள ஏரிகளுக்கு நீரூட்டி, இறுதியில் பாலாற்றில் சங்கமிக்கிறது. காப்புக்காட்டுக்குள் அந்த ஓடையில் தூண்டில் போட்டால் விசாரிக்கிறவர் வனவர். அதே நீர் ஏரியில் தேங்கிய பிறகு மீனுக்கு உரியவர் குத்தகைதாரர். பாலாற்றில் மீன் செத்து மிதந்தால் ஜனங்கள் முறையிடுவது மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தினிடம்.

சென்னை ராஜதானியில் காட்டுப் பிராணிகளைக் காக்கும் பொருட்டு இயற்றப்பட்ட முதற் சட்டங்களில் ஒன்று 1873-ஆம் ஆண்டின் காட்டு யானைப் பாதுகாப்புச் சட்டம். பாரம் இழுக்கவும் மரம் தூக்கவும் யானை பயன்பட்டதால், அதைக் கண்டபடி சுட்டுத் தள்ளுவது சர்க்காருக்கு நஷ்டம் என்ற எண்ணமே அதற்கு ஆதாரமாக இருந்ததன்றி, ஜீவகாருண்யம் அன்று. ஆறாண்டுகள் கழித்து வந்த நீலகிரி வேட்டைப்பிராணி, மீன் பாதுகாப்புச் சட்டந்தான் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது. 1877-இல் உதகையில் வெள்ளைக்காரச் சிகாரிகள் கூடி ஏற்படுத்திய நீலகிரி வேட்டைச் சங்கத்தின் தூண்டுதல் அதன் பின்னே இருந்தது. காட்டெருமை, கடமான், வரையாடு முதலியவற்றுடன், வெளிநாட்டிலிருந்து கொணர்ந்து மலைநீரில் பழக்கப்படுத்திய மீன்களையும் சேர்த்து, ஒரே சட்டத்தின் கீழ் அது வைத்தது. வேட்டை நிறுத்தப் பருவம், உரிமச் சீட்டு, மீறியவருக்குத் தண்டனை, காவலுக்குத் துணைநிற்கும் ஒரு சங்கம் என்று இன்றைய அமெரிக்க ஆணையத்தின் அங்கங்கள் பலவும் அதில் கருவாக அடங்கியிருந்தன. எனினும் நாட்டார் வயிற்றுக்காகப் பிடித்த மீனும் முயலும் குற்றமாயின. துரைமார் பொழுதுபோக்குக்காகச் சுட்டதும் தூண்டில் போட்டதும் முறையான விளையாட்டாயின. இந்த ஓரவஞ்சனையை மறைத்து அச்சட்டத்தைப் புகழ்வது சரித்திரத்துக்கு நியாயம் செய்ததாகாது.

அவ்வாறு வெளிநாட்டு மீன்களைப் பழக்க முயன்ற கதை சுவாரசியமானது. மீனியலில் பெரும்புகழ் பெற்ற மருத்துவர் பிரான்சிஸ் டே 1860-களில் இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று, கப்பற் பயணத்தின் வெப்பத்தில் தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில்தான் வில்சன் என்னும் நிபுணர் வானவில் டிரவுட்டை நீலகிரி ஓடைகளில் நிலைக்கச் செய்தார். அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகமும் ஏற்பட்டது. ஓடைகளில் முன்பே இருந்த சிறு மீன்களின் கதி என்னவாயிற்று என்ற விசாரணையில் அக்காலத்தில் எவரும் சிரத்தை கொண்டதாகத் தெரியவில்லை.

நீலகிரியில் ஒன்றாகப் பிறந்த வேட்டை, மீன் என்னும் இவ்விரு விஷயங்களும் சமவெளியில் அப்போதே வேறு வழிகளில் போகத் தொடங்கிவிட்டன. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளைப் பிரகடனம் செய்து, அவற்றினுள் வேட்டையாடுவது, சுடுவது, மீன் பிடிப்பது, நீரில் விஷம் கலப்பது, கண்ணியும் பொறியும் வைப்பது ஆகியவற்றை ஒரே பிரிவில் அடுக்கித் தடுத்தது. வட ஆற்காடு ஜில்லாவைச் சேர்ந்த ஜவ்வாது மலைக் காடுகளும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. சந்தன மரத்தின் பொருட்டே அங்கே காவல் பலமாக இருந்தது; திருப்பத்தூரின் அரசாங்கச் சந்தனக் கிடங்கு அக்காவலின் பிரசித்தமான அடையாளம். மானும் மீனும் சந்தனத்தின் நிழலில் கிடைத்த உபரிப் பாதுகாப்பையே பெற்றன எனலாம்.

காட்டுக்கு வெளியிலுள்ள நீர்களுக்கு 1897-இல் இந்திய மீன்பிடிச் சட்டம் வந்தது. வெடி போட்டும் விஷம் கலந்தும் மீனைக் கொல்வதை அது குற்றமாக்கி, வலைக் கண்ணியளவு, பருவம் முதலியன பற்றி விதி செய்துகொள்ளும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு அளித்தது. மருக்காரைக் காயை நசுக்கிக் குட்டையில் கலக்கி, மயங்கி மேலே வரும் மீனைக் கூடையில் வாரிக்கொள்வது பழைய வழக்கம். அதைவிடக் கொடியது கல்குவாரித் தோட்டாவை மடுவில் எறிவது, ஏனெனில் அதில் குஞ்சும் முட்டையும்கூடத் தப்புவதில்லை.

இதன்பின் மீனுக்கென்றே ஒரு ஸ்தாபனம் உருவானதற்குச் சர் பிரெடெரிக் நிக்கல்சன் காரணமானவர். கிராமக் கடன் சங்கங்களைப் பற்றிய அறிக்கையால் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடி என்று போற்றப்படும் இந்த சிவில் உத்தியோகஸ்தர், 1905-இல் சென்னை ராஜதானியின் மீன் விஷயங்களை ஆராயும் விசேஷப் பணியில் அமர்த்தப்பட்டார். 1907-இல் சென்னை மீன்வளப் பணியகம் தோன்றியது. பின்வந்த ஜேம்ஸ் ஹார்னெல் முத்து, சங்கு ஆகியவற்றில் பெயர்பெற்றவர். கடலே இவர்களுடைய பிரதான நோக்கமாக இருந்தது இயல்புதான். ஆனால் அவர்கள் இட்ட அஸ்திவாரத்தினால் தமிழகத்தில் மீன் என்பது உணவாகவும் தொழிலாகவும் கருதப்பட்டதேயன்றி, காக்கப்படவேண்டிய காட்டுயிராகக் கருதப்படவில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த அரசியல் சாசனமும் மீன்வளத்தை மாநிலப் பட்டியலில் தனியாகவே வைத்தது.

வனவிலங்கின் பக்கத்தில், 1952-இல் மைசூரில் மகாராஜா ஜயசாமராஜ உடையாரின் தலைமையில் இந்திய வனவிலங்கு வாரியம் முதன்முறையாகக் கூடியது. மாநிலங்களிலும் வாரியங்கள் ஏற்படவேண்டும் என்ற கருத்து அதன்பிறகு வலுப்பெற்றது. ஆயினும் மாநில வாரியங்களுக்குச் சட்ட அடிப்படை கிடைத்தது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தினால்தான். அச்சட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் வன அமைச்சரைத் தலைவராகக் கொண்ட ஆலோசனை வாரியம் ஒன்றை நிறுவச் சொன்னது. அதன் வியாக்கியானப் பிரிவில் ஒரு விநோதம் உண்டு: வனவிலங்கு என்பதற்குத் தந்த விளக்கத்தில் மீன் இடம்பெற்றிருக்க, பிராணி என்பதற்குத் தந்த விளக்கத்தில் பாலூட்டி, பறவை, ஊர்வன, நீர்நில வாழ்வன ஆகிய நான்கு மட்டுமே இருந்தன. வேட்டைத் தடையோ பிராணிகளைப் பற்றியது. ஆகவே முப்பது ஆண்டுகள்வரை மீன் வாசலில் நின்றதேயன்றி உள்ளே நுழையவில்லை. 2001-இல் திமிங்கலச் சுறா, கடற்குதிரை, கடல் அட்டை முதலியவை அச்சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் ஏறின. அதனால் மன்னார் வளைகுடாவில் கடல் அட்டை எடுத்து ஜீவனம் நடத்தியவர்கள் ஒரே ஆண்டில் குற்றவாளிகளாக ஆனதும் இந்த வரலாற்றின் ஓர் அங்கமே. அதையடுத்த திருத்தத்தில்தான் பிராணியின் விளக்கத்துக்குள்ளும் மீன் சேர்ந்தது.

இடையே நாற்பத்திரண்டாவது அரசியல் சாசனத் திருத்தம் வனத்தையும் வனவிலங்குப் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமச் சீட்டு முறையை எடுத்துவிட்டது. பிந்தியது முக்கியமானது. அமெரிக்க ஆணையங்கள் உரிமச் சீட்டின் வருமானத்தைப் பெருமளவு நம்பி நடப்பவை, ஆதலால் வேட்டைக்காரரும் தூண்டிற்காரரும் அவற்றுக்கு வாடிக்கையாளர் போன்றோர். இங்கே வேட்டையே விலக்கப்பட்டபின் வாரியத்துக்குக் கட்டணமும் இல்லை, பருவமும் இல்லை.

2003-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆலோசனை வாரியத்தை மாநில வனவிலங்கு வாரியமாக மாற்றி, முதலமைச்சரைத் தலைவராகவும் வன அமைச்சரைத் துணைத்தலைவராகவும் அமர்த்தியது. சட்டமன்ற உறுப்பினர் மூவர், தன்னார்வ அமைப்பினர் மூவர், பழங்குடிப் பிரதிநிதிகள் இருவருக்குக் குறையாமல் உள்ளடக்கிய நிபுணர் பதின்மர், காவல்துறை, சுற்றுலா, கால்நடைப் பராமரிப்பு அதிகாரிகள், விலங்கியல், தாவரவியல் ஆய்வு நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆகியோருடன் மீன்வளத் துறை இயக்குநருக்கும் அதில் ஓர் ஆசனம் உண்டு. தலைமை வனவிலங்குக் காப்பாளர் உறுப்பினர் செயலர். நீலகிரிச் சட்டத்துக்குப் பின் பிரிந்துபோன இரு துறைகளும் சந்திக்கும்படி சட்டம் அமைத்த இடம் அந்த ஒற்றை ஆசனமே. வாரியம் ஆண்டுக்கு இருமுறையேனும் கூடவேண்டும். எந்தப் பிரதேசத்தைச் சரணாலயமாக்கலாம், பழங்குடியினரின் தேவைகளை விலங்குப் பாதுகாப்போடு எவ்விதம் இசைவிக்கலாம், அட்டவணையில் எதை மாற்றலாம் என்பன போன்றவற்றில் அது அரசுக்கு யோசனை சொல்லுமேயன்றி ஆணையிடாது. பெரிய தலைவர்கள் அடிக்கடி கூடுவது அரிது என்பதை உணர்ந்தோ என்னவோ, 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் துணைத்தலைவரின் கீழ் நிலைக்குழு அமைத்துக்கொள்ள அனுமதித்தது.

ஒடுகத்தூர்ச் சரகம் சரணாலயம் அன்று, வெறும் காப்புக்காடு. ஆகையால் வாரியத்தின் பேச்சு இங்கே நேராக வந்து விழுவதில்லை. வருவதெல்லாம் சட்டத்தின் கை. கிராமத்தார் ரேஞ்சர் என்றும் கார்டு என்றும் அழைக்கும் சரக அலுவலரும் வனக்காப்பாளரும் நாட்டுத் துப்பாக்கி, சுருக்குக் கம்பி, தீனியின் நடுவே வெடிமருந்தைப் பொதிந்து பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் ஆகியவற்றைத் தேடியே இரவு ரோந்து போகிறார்கள். அவுட்டுக்காய் வைத்தவன் எதிர்பார்ப்பது காட்டுப்பன்றியை; வாய் சிதறுவது பல சமயம் மேய்ச்சலுக்குப் போன மாட்டுக்கு.

அடிவாரத்து ஏரிகளில் வேறொரு ராஜ்யம். மழைக்காலம் முடிந்து ஏரி நிரம்பியதும் மீன்பிடி உரிமையான மீன்பாசியை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விடுகிறார். 1957-இல் ஹீராலால் சௌத்ரி கட்டாக்கில் ஊசி மருந்தால் கெண்டைகளைச் சினைவிடச் செய்த பிறகே இக்குஞ்சுகள் ஊரூராகக் கிடைக்கலாயின. 1952-இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டையோ எவரும் விடாமலே பெருகிற்று. இவற்றிடையே விராலும் குறவையும் அயிரையும் ஆராலும் எஞ்சியிருப்பது அவற்றின் சேற்றுச் சாமர்த்தியத்தினாலேயன்றி எந்த அலுவலகத்தின் தயவினாலும் அன்று. குத்தகைக் கணக்கில் அவை ‘நாட்டு மீன்’ என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடுகின்றன. கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கி, குத்தகைதாரரின் வலை ஓய்ந்ததும், ஊரார் ஊத்தாவும் கூடையுமாக இறங்கிச் சேற்றைத் துழாவும்போது முதலில் அகப்படுவது இந்த நாட்டு மீன்தான்.

ஏரி கடந்து பாலாற்றுக்குப் போனால் தோல் பதனிடும் தொழில் வந்துவிடுகிறது. ஒரு காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வேண்டியிருந்தன; கடுக்காய் ஜவ்வாது மலையிலிருந்தும் இறங்கியது. குரோமியப் பதனம் பரவியபின் மலைக்கும் தோலுக்கும் இருந்த அந்தப் பழைய உறவு மெலிந்தது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் கிணற்றிலும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்னும் கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்று, தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைந்தது. விளைநிலத்துக்கும் குடிநீருக்கும் இழப்பீடு பேசப்பட்ட அவ்வழக்கில், ஆற்றை இழந்த மீனுக்காக வாதாட வனவிலங்கு வாரியமோ மீன்வளத் துறையோ முன்வரவில்லை. வழக்கை நடத்தியவர்கள் குடிமக்கள்.

யானைகளின் விஷயம் எல்லைகளை இன்னும் குழப்புகிறது. 1980-களில் ஓசூர், கோலார்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து கிழக்கே நகர்ந்த யானைகளுக்காக ஆந்திர அரசு சித்தூர் மாவட்டத்தில் கவுண்டின்யா சரணாலயத்தை 1990-இல் அறிவித்தது. அங்கிருந்து அவை மாநில எல்லையைத் தாண்டிக் குடியாத்தம், பேரணாம்பட்டு வயல்களுக்கு வந்து போகின்றன. 2013-இல் திருவண்ணாமலை வட்டாரத்தில் சுற்றிய ஆறு யானைகளைக் பழக்கிய கும்கி யானைகளைக் கொண்டு பிடித்து யானை முகாம்களுக்கு அனுப்பினார்கள். ஒடுகத்தூர் உழவருக்கோ யானையைவிடப் பன்றியே நித்திய சத்துரு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். மலையடிவாரத்து நிலக்கடலைக் கொல்லைகளில் பல முதல் வளையத்துக்குள்ளேயே அமைந்தவை. அதே மாதம் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றிய வழக்கில் மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு முதலில் இழப்பீடு கொடுத்துப் பின்னர் ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளவும், நிலைமையைக் கண்காணிக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்கவும் கட்டளையிட்டது.