அப்பா கழுவப் போன டம்ளர்



போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் என் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். எல்லாருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போலத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சிந்தியதைக் காகிதத்தால் துடைத்தேன். "விடுங்க சார், அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க" என்றான் ஒருவன். சிரித்து மழுப்பிவிட்டேன். வரலாற்று ஆசிரியர் பதில் சொல்லாமல் நழுவுவது அழகல்ல. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

காசு கொடுத்து வெளியே சாப்பிடுவது நம் பக்கம் ரொம்பப் பழைய வழக்கமல்ல. சோற்றை விற்பதே பாவம் என்று நினைத்த காலம் உண்டு. பயணம் போனால் கட்டுச்சோறு, இல்லையென்றால் சத்திரம். சத்திரத்திலும் சாதி பார்த்துத்தான் பந்தி. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு குமாஸ்தா வேலைக்கும் கல்லூரிப் படிப்புக்கும் ஆண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தபோதுதான் மெஸ்ஸும் காபி கிளப்பும் தேவைப்பட்டன. யார் சமைத்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அதற்குப் பதிலாகப் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்று எழுதினார்கள். பிராமணர் சமைத்ததை யாரும் சாப்பிடலாம் என்பது வியாபாரக் கணக்கு. அந்த 'யாரும்' என்பதில் எல்லாரும் அடங்கவில்லை. பல இடங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்கு வேறு இடம். எங்களைப் போன்றவர்களுக்கு வாசல்படியே கிடையாது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. பெரியார் தொடர்ந்து எதிர்த்த பிறகு 1941-இல்தான் அது எடுபட்டது.

1950-இல் அரசியலமைப்புச் சட்டம் வந்தது. அதன் 15-ஆவது பிரிவு கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே, சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வகுப்பில் இந்தப் பிரிவை நடத்தும்போது 'உணவகம்' என்ற சொல்லை நான் இரண்டு முறை வாசிப்பேன். ஏன் சார் என்று உங்களில் ஒருவரும் கேட்டதில்லை! 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து, ஓட்டலில் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமானது. ஆனால் பலகைகள் அப்படியே தொங்கின. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லித் திராவிடர் கழகத்தினர் மறியல் செய்தார்கள். நாள்தோறும் தொண்டர்கள் போவதும் கைதாவதுமாக மாதக்கணக்கில் நடந்தது. கடைசியில் சொல் நீங்கியது. ஒரு சொல்லுக்கா இத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்று கேட்பவர்கள், அந்தப் பலகையின் கீழே நின்று தயங்கியிருக்க மாட்டார்கள்.

இதற்கிடையே நகரமும் மாறிக்கொண்டிருந்தது. சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கிய உடுப்பிக்காரர் கிருஷ்ணராவ் 1938-இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். கொழும்பிலிருந்து திரும்பிய புகாரி 1951-இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் திறந்தார். 1962-இல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம். இன்று அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

அதே 1962-இல்தான் அப்பா என்னைச் சென்னைக்குக் கூட்டிவந்தார். எனக்குப் பதினொரு வயது. துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா எழும்பூர் ஸ்டேஷனுக்கு வந்து, எங்களைப் பாரிமுனையில் ஒரு ஓட்டலுக்கு அழைத்துப் போனார். திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி அலுமினிய டம்ளர். அதைத் தட்டியில் செருகி வைத்திருப்பார்கள். குடித்துவிட்டு நாமே கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். உறவினர்களுக்கு இது தெரிந்ததுதான். மாணவர்களிடம் முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியும் நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அப்பா ஓட்டல் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் தடுக்கவில்லை. பலகையில் எந்தச் சாதியும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அவருக்குப் படிக்கத் தெரியாது. "அண்ணே, உள்ள வாங்க. இங்க யாரும் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்க மாட்டாங்க" என்றார் சித்தப்பா. அது உண்மைதான். சர்வர் வந்து கேட்டது "என்ன சாப்பிடறீங்க?" என்பது மட்டும்தான். வட்டமான பளிங்கு மேசையின் எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் தோசை தின்றேன். அப்பா காபி மட்டும் போதும் என்றார். டபராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். குடித்து முடித்ததும் டம்ளரையும் டபராவையும் எடுத்துக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்துவிட்டு, எழுந்து தண்ணீர்த் தொட்டியைத் தேடினார். சித்தப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. சர்வர்தான் ஓடிவந்து, "பெரியவரே, வச்சுடுங்க. அது எங்க வேலை" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர் கை அப்பா கைமேல் பட்டது. பின்னாலேயே ஈரத்துணியோடு கிளீனர் பையன் வந்தான். என் வயதுதான் இருக்கும். நான் பள்ளிக்கூடம் போகிறவன், அவன் போகாதவன். ஆசிரியரான பிறகு அந்தப் பையனை எத்தனையோ முறை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டை அடுக்கியது எதற்கென்று கேட்டவனே, அப்பாவிடமிருந்து வந்தது பாதி, அந்தப் பையனிடமிருந்து வந்தது பாதி. எது எவ்வளவு என்று பிரிக்க இந்த வயதில் முடியவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் பட்டணம் எப்படி இருந்தது என்று அம்மா கேட்டார். கடற்கரை, டிராம் போன பழைய தெரு, உயரமான எல்ஐசி கட்டடம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அங்க டம்ளர நாம கழுவ வேண்டியதில்ல."