வேட்டை: ஒரு சொல், இரு நீதி

தமிழில் வேட்டை, மலையாளத்தில் வேட்ட, தெலுங்கில் வேட, கன்னடத்தில் பேட்டெ. வகரம் பகரமாவது கன்னடத்தின் இயல்பு. இவை ஒரு குடும்ப மொழிகள் என்பதற்கு இச்சொல்லும் ஒரு சான்றன்றோ!

ஐரோப்பாவிலும் இத்தகைய உறவைக் காண்கிறோம். வேட்டையாடுதலை ஜெர்மானியர் 'யாகன்' என்பர். ஸ்வீடன் நாட்டார் 'யாகா' என்பர். துரத்துதல், விரைதல் என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. டச்சுக்காரர் துரத்திச் செல்லும் விரைவுக் கப்பலுக்கு இச்சொல்லடியாகவே பெயரிட்டனர். அப்பெயரே ஆங்கிலம் புகுந்து, செல்வர் உல்லாசமாய் மிதக்கும் 'யாட்' படகைக் குறிக்கலாயிற்று. உழைப்பின் சொல் உல்லாசத்தின் சொல்லான கதை இது!

சொல் போன வழியே உரிமையும் போயிற்று. ஜெர்மன் நாடுகளில் வேட்டை பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. உழவன் வளர்த்த பயிரை மான் மேயும். அந்த மானை உழவன் தொடலாகாது! 1848ஆம் ஆண்டுப் புரட்சியே அவ்வுரிமையைத் தகர்த்தது.

இங்கு மட்டும் வேறா? அரசன் வேட்டையாடினால் வீரம். அதற்கு மெய்க்கீர்த்தி, புகழ்மாலை! வயிற்றுக்காக வேடன் அதையே செய்தால் இழிதொழில், அவன் இழிபிறவி! வினை ஒன்று, வினை செய்பவனைப் பார்த்து நீதி இரண்டு. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், அலைந்து வாழ்ந்த குடிகள் பலவற்றைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1952இல் நாடெங்கும் ஒழிந்தது. எனினும், நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஏட்டில் ஒழிந்த இழிவு எண்ணத்தில் ஒழிந்துவிட்டதா?

தோழர்களே, எங்கள் கீழ்க்கட்டளை அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்தில், தெற்கே வேடந்தாங்கல் இருக்கிறது. வேடனின் பெயரைத் தாங்கிய ஊர். வெள்ளைச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் ஆட்சியரிடம் முறையிட்டனர். 1798இல் பறவைகளுக்குக் காப்புரிமை பெற்றனர். எந்தச் சாத்திரம் அவர்களை ஏவியது? ஒன்றுமில்லை. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதைக் கண்டறிந்த அனுபவ அறிவே ஏவியது!

வேட்டையைத் தடுத்தவர் வேந்தரல்லர், உழைப்பாளரே. மெய்க்கீர்த்தி பாடுவதாயின் அவர்களையன்றோ பாடவேண்டும்? வேடன் என்னும் சொல்லை இனி வசையாக வழங்குபவன், தன் அறியாமையையே பறைசாற்றுகிறான்.