முயல்காது ஆன்டெனாவும் ஜூன் 12-ம்

மொட்டை மாடியில ஏறி ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டே "தெரியுதா?"ன்னு கத்தின தலைமுறையைச் சேர்ந்தவன் நான். கீழேயிருந்து "புள்ளி புள்ளியா வருது"ன்னு பதில் வரும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவுலதான் ஒலியும் ஒளியும் பார்த்தோம். இந்த அனுபவம் அமெரிக்காவுல போய் உதவும்னு கனவுலகூட நினைக்கலை.

2009 ஜூன் 12. அமெரிக்காவில் முழுத்திறன் டிவி நிலையங்கள் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தக் கடைசி நாள். கேபிள், டிஷ் வச்சிருந்தவங்களுக்குக் கவலை இல்லை. ஆன்டெனாவை மட்டும் நம்பியிருந்த வீடுகளுக்குத்தான் சோதனை. அதுல வயசானவங்களும் கையில காசு குறைவா இருந்தவங்களும் நிறைய.

எதுக்கு இந்த மாற்றம்? 52 முதல் 69 வரையிலான சேனல்கள் இருந்த அலைவரிசையைக் காலி செய்யணும். ஒரு பகுதி போலீஸ், தீயணைப்பு மாதிரி அவசர சேவைகளுக்கு. இன்னொரு பெரிய பகுதியை 2008-ல் ஏலம் விட்டதுல அரசுக்குக் கிட்டத்தட்ட 1900 கோடி டாலர் கிடைச்சது.

மக்களுக்கு என்ன கொடுத்தாங்க? வீட்டுக்கு ரெண்டு கூப்பன், ஒவ்வொண்ணும் 40 டாலர். அதைக் கடையில கொடுத்து, நம்ம ஊர் செட்டாப் பாக்ஸ் மாதிரி ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வாங்கிக்கலாம். 90 நாள்ல கூப்பன் காலாவதி. ஆன்டெனா வாங்க அது செல்லாது. 2009 ஜனவரி தொடக்கத்திலேயே ஒதுக்கின பணம் தீர்ந்து, காத்திருப்புப் பட்டியல் போட்டாங்க. முதல்ல குறிச்ச நாள் பிப்ரவரி 17. லட்சக்கணக்கான வீடுகள் தயாரா இல்லை. ஒபாமா பதவியேற்ற சூட்டோட சூடா சட்டம் போட்டு ஜூன் 12-க்குத் தள்ளி வச்சாங்க.

பெட்டி மட்டும் போதாதுங்கறதை வட கரோலைனாவில் இருக்கிற வில்மிங்டன் ஊர் முன்னாடியே காட்டியிருந்தது. நாட்டுக்கே ஒத்திகை மாதிரி, 2008 செப்டம்பர் 8 மதியம் 12 மணிக்கு அங்கே வணிக நிலையங்கள் அனலாக்கை நிறுத்தின. விளம்பரத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனா அங்கே 6-ம் சேனலோட பழைய அனலாக் சிக்னல் வெகுதூரம் எட்டும். டிஜிட்டல் சிக்னல் வேற கோபுரத்துல இருந்து வந்தது, எல்லை சின்னது. ஓரத்துல இருந்த வீடுகள்ல பெட்டி வாங்கியும் அந்தச் சேனல் வரலை. தீயணைப்பு வீரர்கள் வயசானவங்க வீட்டுக்கே போய்ப் பெட்டி மாட்டிக் கொடுத்ததும் அந்த ஊர்லதான்.

அனலாக்னா புள்ளியோடயாவது படம் வரும். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனா படம் உறையும், அப்புறம் கறுப்புதான்.

எங்க எதிர் வீட்டுல எண்பதைத் தாண்டின ஒரு பாட்டி தனியா இருந்தாங்க. கூப்பன்ல பெட்டி வாங்கி நான்தான் மாட்டிக் கொடுத்தேன். கூடவே 'டிஜிட்டல் ஆன்டெனா'ன்னு கடையில வித்த ஒரு சின்ன வளையம். (டிஜிட்டலுக்குன்னு தனி ஆன்டெனா ஜாதியே கிடையாது, அலைவரிசைக்கு ஏத்தது வேணும், அவ்வளவுதான். அப்ப எனக்கும் தெரியாது :-)) ஏப்ரல்ல படம் பளிங்கு மாதிரி வந்தது.

ஜூன் 13 காலையில கதவைத் தட்டினாங்க. தினமும் செய்தியும் புயல் எச்சரிக்கையும் பார்க்கிற சேனலைக் காணோம். முகத்துல பயம் தெரிஞ்சது. "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

அவங்க மேல எந்தத் தப்பும் இல்லை. அதுவரைக்கும் யுஎச்எஃப்ல தற்காலிகமா டிஜிட்டல் ஒளிபரப்பின சில நிலையங்கள் ஜூன் 12 அன்னைக்குத் தங்களோட பழைய விஎச்எஃப் எண்ணுக்கே திரும்பிட்டாங்க. பிலடெல்பியாவில் 6-ம் சேனல், சிகாகோவில் 7-ம் சேனல் ரெண்டுக்குமே இதே கதைதான். திறனைக் கூட்ட அப்புறம் அனுமதி வாங்க வேண்டி வந்தது. பாட்டி பார்த்த சேனலும் இந்த வகைதான். பெட்டியில மறுபடி ஸ்கேன் பண்ணணும். அதோட விஎச்எஃப் அலை நீளம், சின்ன வளையத்துல சரியா சிக்காது. 6-ம் சேனலுக்குக் கால் அலைன்னு கணக்குப் போட்டாலே ஒவ்வொரு கம்பியும் முக்கால் மீட்டருக்கு மேல வேணும்.

ஸ்கேன் பண்ணினேன், வரலை. "பழைய ஆன்டெனா எங்கே?"ன்னு கேட்டேன். அலமாரி மேல கிடந்தது. ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குமே, அங்கே அதுக்கு முயல்காதுன்னு பேரு. கம்பிகளை முழுசா இழுத்து, ஜன்னலோரம் வச்சு, திருப்பித் திருப்பி ஸ்கேன். நான் "தெரியுதா?"ன்னு கேட்க, சோபாவுல இருந்து "இன்னும் இல்லை"ன்னு பதில். மூணாவது தடவை வந்துடுச்சு.

அரசாங்கம் பெட்டிக்குக் கணக்குப் போட்டுது, ஆன்டெனாவையும் அதைத் திருப்பி வைக்கிற ஆளையும் கணக்குல சேர்க்கலை. உங்க தெருவுல இந்த மாதிரி மாற்றம் எது வந்தாலும், தனியா இருக்கிற பெரியவங்க கதவை ஒரு தடவை தட்டிப் பாருங்க. முதல் நாள் மட்டும் இல்லை, மறுநாளும்.