என்ஜின் சென்சார் பழுது: மாற்றும் முன் சோதிப்போம்

டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் வடிவ விளக்கு எரிகிறது. “சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்கிறார்கள். சில ஆயிரங்கள் செலவழித்து மாற்றுகிறோம். சில நாட்களில் அதே விளக்கு மீண்டும் எரிகிறது. கோளாறு எங்கே என்று சோதிக்காமல் பாகத்தை மாற்றுவதால் வரும் வீண்விரயம் இது.

பெட்ரோல் கார்களில் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது, என்ஜின் எவ்வளவு சூடாக உள்ளது, கிராங்க் ஷாஃப்ட் எந்த வேகத்தில் சுழல்கிறது, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்பதையெல்லாம் சென்சார்களே கணினிக்குச் சொல்கின்றன. அதை வைத்துத்தான் கணினி பெட்ரோலின் அளவை முடிவு செய்கிறது. தகவல் தவறானால் மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகாது, வண்டி திணறும்.

முதல் வேலை ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழ்ப்பகுதியில் 16 முனைகள் கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான இந்த ஏற்பாடு, இந்தியாவில் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 கார்கள் அனைத்திலும் உண்டு. ஸ்கேனர் தரும் எண்ணை அழிக்கும் முன் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த எண் தேட வேண்டிய இடத்தைத்தான் காட்டும். உதாரணமாக, பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். இதைக் கண்டு சொல்வது ஆக்சிஜன் சென்சார். ஆனால் காரணம் பெரும்பாலும் வெடித்த ரப்பர் ஹோஸ், அழுக்கடைந்த காற்று சென்சார் அல்லது பலவீனமான பெட்ரோல் பம்பாக இருக்கும். உண்மையைச் சொன்ன சென்சாரை மாற்றினால் குறை தீராது.

அடுத்து கனெக்டரைப் பார்ப்போம். துரு, தண்ணீர், எலி கடித்த ஒயர் ஆகியவை சென்சார் பழுதைப் போலவே தோன்றும். பி0118 எண் வந்து, ஸ்கேனரில் கூலண்ட் வெப்பம் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், பெரும்பாலும் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது.

பிறகு மல்டிமீட்டர். பல கார்களின் கூலண்ட் சென்சார், குளிர்ந்த நிலையில் (20 டிகிரி) சுமார் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமுக்கு இறங்கும். சூடானாலும் அளவு இறங்காவிட்டால் சென்சார் பழுது. சரியான அளவு அந்தந்த காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு மட்டும் என்றால் அதற்கென விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்தாலே போதும். உள்ளிருக்கும் மெல்லிய கம்பியைத் துணியாலோ விரலாலோ தொடக் கூடாது.

கிராங்க் சென்சார் விஷயத்தில் தாமதம் ஆபத்து. என்ஜின் சூடானதும் ஓட்டத்திலேயே நின்று, ஆறியபின் மீண்டும் ஸ்டார்ட் ஆனால் இதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். குடும்பத்துடன் நெடுஞ்சாலையில் போகும்போது வண்டி இப்படி நின்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாற்றுவதென்றால் என்ஜின் ஆறிய பிறகு, சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கனெக்டரின் பூட்டை அழுத்தித்தான் இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கூலண்ட் சென்சாரைக் கழற்றும்போது கூலண்ட் வழியும். குறைந்ததை நிரப்ப வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு ஒயர் நுழையும் வெட்டுள்ள 22 மி.மீ. சாக்கெட் தேவைப்படும், அதன் முனையில் எண்ணெய் படக் கூடாது. முடிந்ததும் எண்ணை அழித்து, வண்டியை ஓட்டிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் சீராக ஓடினால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். விட்டுவிட்டு மின்னினால் பெட்ரோல் சரியாக எரியவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வேலையை மெக்கானிக்கிடம் ஒப்படைத்தாலும் மூன்றைக் கேட்போம்: வந்த எண் என்ன, சோதித்த அளவு என்ன, கழற்றிய பழைய பாகம் எங்கே? நல்ல மெக்கானிக் மூன்றுக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.